காலை ஆறு மணி இருபது நிமிடம்

1

எங்கள் மூன்று பேரில் நான்தான் உயரம். நாலடி ஏழு அங்குலம். மேரி நாலடி ஆறு. ஷீலா நாலடி ஐந்தரை. அந்த அரையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நர்ஸ் நாலடி ஐந்து என்று எழுதிவிட்டால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு மறுபடி அளக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை நகரத்து ஆஸ்பத்திரியில் நாங்கள் சந்திக்கிறோம். மேரி வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஷீலாவுக்கு மாட்டுப்பண்ணை. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவள். பிறந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். நிறத்தை மட்டும் பார்க்காமல் இருந்தால் மூன்று பேரையும் கூடப்பிறந்தவர்கள் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். அதே அகலமான கழுத்து, அதே குட்டை விரல்கள், நீட்டினால் முழங்கையில் கொஞ்சம் வெளியே திரும்பும் அதே கை.

எங்களுக்கு இருப்பதற்கு டர்னர் சின்ட்ரோம் என்று பெயர். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு உடம்பில் எக்ஸ் என்கிற குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டுமாம். எங்களுக்கு ஒன்றுதான் வாய்த்தது. அதனால் வளர்த்தி குறைவு. சினைப்பை வேலை செய்யாது. தானாக வயதுக்கு வரமாட்டோம். மற்றபடி எல்லோரையும் போலச் சாப்பிடுவோம், சண்டை போடுவோம், பஸ்ஸைத் தவறவிடுவோம்.

போன செவ்வாயோடு அங்கே எங்களுக்கென்று ஓர் அறை திறந்து இரண்டு வருடம் ஆகிறது. மேரி கேக் கொண்டுவந்தாள். நான் மிளகு வடை கொண்டுபோனேன். இரண்டு கையிலும் ஒரு காலிலும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் எங்களில் சில பேருக்குக் குறுகலாக இருக்குமாம். அதனால் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப் வைத்து நிதானமாகக் கேட்டார்கள். காது பரிசோதனை, இரத்தம், எடை எல்லாம் ஆயிற்று. எடை பார்ப்பதற்கு முன்னாலேயே கேக்கைத் தின்றதற்காக நர்ஸ் ஜோன் மூன்று பேரையும் திட்டினாள்.

அந்த அறை வருவதற்கு முன்னால் நாங்கள் எந்தப் பிரிவுக்குப் போவது என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. இந்த நோயைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதால் அதன் டாக்டர் குழந்தைகள் பிரிவில் இருந்தார். மாத்திரை எழுதுகிறவர் பெண்கள் பிரிவில். இதயம் பார்க்கிறவர் வேறு கட்டடம். என் காகிதக் கட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் வழியில் இரண்டு தடவை காணாமல் போயிற்று. இருபத்தெட்டு வயதில், புடவை கட்டிக்கொண்டு, பொம்மைக் குதிரைக்குப் பக்கத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும், இந்த நாட்டில் என் கால் தரையில் பதிந்த முதல் நாற்காலி அதுதான். அங்கிருந்த குமாஸ்தாப் பெண் குனிந்து, "கண்ணு, உன் அம்மா எங்கே?" என்று கேட்டாள். காஞ்சிபுரத்தில் என்றேன்.

2

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு தறி. நான் குள்ளமாக இருந்தது சின்ன வயதில் எல்லோருக்கும் சௌகரியம். தறிக்குழிக்குள் எது விழுந்தாலும் எடுக்க என்னைத்தான் இறக்குவார்கள். நான் ஒரு வழிமறதிக்காரி வேறு. கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஊரே சொல்லும். எனக்கோ எல்லாக் கோபுரமும் ஒன்றுதான். சாயம் வாங்க அனுப்பினால் ரயில்வே ஸ்டேஷனில் போய் நிற்பேன். திசை பிடிபடாததும் இந்த உடம்போடு வந்ததுதான் என்று இங்கே டாக்டர் சொன்னபோது, பழைய அடியையெல்லாம் திருப்பிக் கொடுக்க யாராவது கிடைக்கமாட்டார்களா என்று இருந்தது.

பதினாலு வயதில் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று, பதினாறும் ஆயிற்று. வாலாஜாபாத்தில் ஒரு வைத்தியர் கொடுத்த லேகியத்தை மூன்று மாதம் தின்றேன். நன்றாகப் பசித்தது, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி லேடி டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மெட்ராசுக்கு அழைத்துப்போய்க் காட்டச் சொன்னார். "மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போனா தெருவே கேக்கும், எதுக்குப் போறேன்னு" என்றாள் அம்மா. கேட்கும்தான். எங்கள் தெருவில் தறிக்கு நூல் பாவு நீட்டுவதிலிருந்து பல் வலி வரைக்கும் எல்லாம் பொதுச்சொத்து.

பதினேழாவது வயதில், ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"லோகு, நீ வயசுக்கு வந்துட்டே."

"இல்லியேம்மா."

"வந்துட்டேன்னு சொல்றேன். யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லு. வியாழக்கெழமை, காலைல ஆறு மணி இருவது நிமிசம். எங்க, சொல்லு பாக்கலாம்."

"ஆறு மணி இருவது நிமிசம்."

எங்கள் வீட்டில் அப்போது கடிகாரமே கிடையாது.

மணி எதற்கென்றால் ருது ஜாதகத்துக்கு. பெண் பெரியவளான நேரத்தை வைத்து ஒரு ஜாதகம் எழுதுவார்கள், பிறந்த ஜாதகத்தைவிட அதுதான் கல்யாணத்துக்கு முக்கியம் என்பார்கள். அம்மா முதல் நாளே பஞ்சாங்கம் தெரிந்த யாரையோ பிடித்து நல்ல ஓரை பார்த்து வைத்துவிட்டாள். உண்மையாக வந்தால் வந்த நேரம்தான் நேரம், நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பொய்தானே, நல்லதாகவே இருக்கட்டும் என்று குருவின் ஓரையில் போட்டுவிட்டாள். சாயம் போடும் தெருவில் துணியில் சிவப்புக் கறை பண்ணுவதும் பெரிய வித்தையில்லை. ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு அசந்துபோனார். இவ்வளவு சுத்தமான நேரத்தில் இந்த ஊரில் எந்தப் பெண்ணும் ஆனதில்லை, எட்டுப் பிள்ளை பெறுவாள், எட்டும் ஆண் என்றார்.

தாய்மாமன் ஐயம்பேட்டையிலிருந்து தட்டு வரிசையோடு வந்தார். அவருடன் அவர் மகன் தேவராஜனும் வந்தான். மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். அவனைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். பொருத்தம் பார்த்தபோது அவன் அம்மா, என் அத்தை, அந்த ருது ஜாதகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

3

ஆகிவிட்டாள் என்று சொல்லிவிட்டால் அதோடு முடியாது. மாதாமாதம் ஆக வேண்டும்.

அம்மா தினசரி காலண்டரில் பார்த்துச் சொல்வாள், நான் மூன்று நாள் ஒதுங்கி உட்காருவேன். தறியைத் தொடக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது. யாரும் ஒரு வேலை ஏவமாட்டார்கள். பின்கட்டில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளையெல்லாம் படித்து முடித்தேன். மனசு உறுத்தும், ஆனால் கதை சுவாரசியமாக இருந்தால் உறுத்தல் கொஞ்சம் பின்னால் போய்விடும்.

கல்யாணமானபோது தேவராஜன் இங்கிலாந்தில் கம்பளி ஆலையில் வேலையில் இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவர் எனக்கு மாமா, பேசும்போது நீ. இந்த எழுத்துக்காக மரியாதை கொடுக்கிறேன். அவரோடு இங்கே வந்த முதல் மாதமே எனக்கு யோசனை: இங்கே மாமியார் இல்லை, தெரு இல்லை, விட்டுவிடலாமா? விட்டால் அவர் கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? அதனால் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டு, அறையைச் சூடாக்கும் பாரஃபின் அடுப்புக்குப் பக்கத்தில் மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வருடம். மாதம் மூன்று நாள் மாமா சமைத்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து, காதெல்லாம் பனியில் சிவந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அரிசி களைவார். முதல் வருடம் சோறு கஞ்சியாக வந்தது. மூன்றாவது வருடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். நான் மூலையிலிருந்து "புளி கம்மி மாமா" என்று சொல்வேன். சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் புளி கம்மிதான்.

ஐயம்பேட்டையிலிருந்து மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மாமனார் எழுதுவார். எருமை கன்று போட்டது, தறிக்கு ஆள் கிடைக்கவில்லை, கடைசி வரியில் "விசேஷம் ஏதாவது உண்டா?" மாமா அந்த வரியை வாய்விட்டுப் படிக்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

4

விசேஷம் இல்லாததால் டாக்டரிடம் போனோம். தெரு முனையில் வயதான ஒரு டாக்டர், நல்ல மனிதர். என் இங்கிலீஷ் அப்போது கடையில் உருளைக்கிழங்கு கேட்கிற அளவுக்குத்தான். மாமாதான் நடுவில் மொழிபெயர்ப்பு.

முதல் முறை எந்த வயதில் என்று டாக்டர் கேட்டார். கேள்வி என்னிடம் வந்து சேரவே இல்லை. மாமாவே பதில் சொல்லிவிட்டார்: பதினேழு வயது, ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, நான் பாயசம் குடிச்சேன்" என்று என்னிடம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரியால் இரண்டு வருடம் போயிற்று. தினம் காலையில் வாயில் வெப்பமானி வைத்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மூன்று நாட்களுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொன்னார்கள். காலண்டரைப் பார்த்துப் போட்டேன். இவ்வளவு ஒழுங்கான உடம்பை நான் பார்த்ததில்லை என்றார் டாக்டர். ஒழுங்காக வருகிறது, பிள்ளை மட்டும் ஏன் நிற்கவில்லை என்று அவருக்குக் குழப்பம். மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு உள்ளே பார்ப்பதென்று நாள் குறித்துவிட்டார்கள்.

எனக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. கத்தியைப் பற்றிப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, உள்ளே பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். தெரிந்தால் மாமா என்னை என்ன செய்வார்? எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவளின் புருஷனுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிவைப்பது பெரிய செய்தியே இல்லை. நான் ஊருக்குத் திரும்பிப் பின்கட்டில் உட்காருவேன், இந்தத் தடவை மூன்று நாளோடு எழுந்திருக்க முடியாது.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ஸ்காட்லாந்துக்காரர், ஆண்பிள்ளைக் குரல், நரைத்த தலை. என்னைக் கையை நீட்டச் சொன்னார். கழுத்தைப் பார்த்தார். உயரம் அளந்தார். பிறகு தெரு முனை டாக்டரின் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆறு மணி இருபது நிமிடம் என்று எழுதியிருக்கிறது. நான் முப்பது வருடமாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மாதம் ஞாபகம் இருக்கிறவர்கள்கூடக் குறைவு. என்னுடையதே எனக்கு ஞாபகம் இல்லை. நிமிடம் எப்படித் தெரியும்?"

மாமா உற்சாகமாக ஜாதகம், ஓரை, தாய்மாமன் சீர் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தார். டாக்டர் கையை உயர்த்தினார். "நான் உங்கள் மனைவியைக் கேட்கிறேன். அவர் பதிலைப் பொறுத்துத்தான் இந்த ஆபரேஷன் வேண்டுமா இல்லையா என்பது."

மாமா என் பக்கம் திரும்பினார். "லோகு, உன்னியேதான் கேக்கறாங்க. சொல்லு."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குப் பட்டது. அந்த அறையில் தெரியாத ஆள் ஒருவர்தான், அவர் வழியாகத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

"மாமா, வரவே இல்லன்னு சொல்லு."

"இன்னா வரல?"

"அதுதான். எனக்கு. ஒரு தடவகூட வரல."

"இன்னா பேசற நீ? ஆறு இருவது?"

"அது அம்மா சொல்லிக்குடுத்தது."

டாக்டரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"அப்ப மாசாமாசம் மூணு நாளு?"

"காலண்டர் பாத்து."

"காலண்டர் பாத்தா!"

மாமா டாக்டர் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்: "நெவர்." இல்லை என்பதற்கு இவ்வளவு நேரமா பேசினீர்கள் என்றார் டாக்டர். ஆபரேஷன் தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். என் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். குரோமோசோமைப் படம் பிடித்துப் பார்க்க வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், ஆறு வாரம் ஆகும், ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை என்றார். உனக்குத் தானாகப் பிள்ளை உண்டாகும் என்று நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் உன் எலும்புக்கும் இதயத்துக்கும் இத்தனை வருடம் யாரும் செய்யாததை நான் செய்யப்போகிறேன் என்றார். இதையெல்லாம் மாமா எனக்கு மொழிபெயர்த்தார். குரல் மட்டும் அவருடையது மாதிரி இல்லை.

5

நாலு நாள் அவர் பேசவில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், தூங்கினார். "கதவ சாத்திக்கோ" என்று ஒரு தடவை சொன்னார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளவில்லை, அது ஒன்றுதான் எனக்குத் தெம்பு.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. இதற்கு மேல் தாங்காது என்று நானே ஆரம்பித்தேன். எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு தங்கை உண்டு. நல்ல உயரம், நல்ல நிறம்.

"மாமா, நான் ஊருக்குப் போயிடறேன். நம்ம கோமளாவக் கட்டிக்கோ. நானே அம்மாகிட்ட பேசறேன்."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "உங்கம்மா பெத்த இன்னொருத்தியா? அவளுக்கு எத்தினி மணி, எத்தினி நிமிசம்னு உங்கம்மா எழுதி வெச்சிருக்காங்களோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தால் நிற்காது. அவர் முறைத்தார்.

"சிரிக்காத. உனுக்கு நான் எதுக்குக் கோவமா இருக்கறேன்னு தெரியுமா? ஆறு வருசம். பனியில ஷிப்ட் முட்சிக்கினு வந்து, வெரல் வெறச்சிப் போயி, உனுக்கு ரசம் வெச்சேன். கல்லாட்டம் ஒக்காந்துக்கினு புளி கம்மின்ன!"

"கம்மிதான் மாமா."

"வந்து வெச்சிக் காட்டியிருக்கலாம்ல! ஒடம்பு நல்லாத்தான இருந்துது!"

அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று இரண்டு பேருமே பார்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "புள்ள வேணும்னு ஆசதான். இல்லன்னு சொல்லமாட்டேன். அதுக்கோசரம் உன்ன விட்டுட்டு நான் யார்கிட்ட பேசறது இந்த ஊருல?"

பிறகு குரோமோசோம் படம் வந்தபோது, ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்ததில் கடைசியில் ஒன்று மட்டும் தனியாக நிற்பதை டாக்டர் பென்சிலால் காட்டினார். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் வாயில் வேறென்ன வரும்? "ஓர் இழை கொறஞ்சா பொடவைய யாராவது வீசுவாங்களா" என்றார் மாமா. எனக்கு இந்த இழை உவமையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. இருந்தாலும் அன்றைக்கு அலுக்கவில்லை.

6

முதலில் ஒரே ஒரு சின்ன மாத்திரை, ஈஸ்ட்ரோஜன், தினமும். சில மாதம் கழித்து அதோடு இன்னொன்று. மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்துகிற வாரத்தில் வரும் என்றார் டாக்டர்.

வந்தது. இருபத்தெட்டாவது வயதில், பிஸ்கட் தொழிற்சாலைக் கழிப்பறையில், கிரீம் பிஸ்கட் வாசனைக்கு நடுவில். மணி பார்க்கவில்லை. வெளியே வந்து பெட்டி கட்டிக்கொண்டே அழுதேன், நான் விரலை நசுக்கிக்கொண்டேன் என்று நினைத்து மேற்பார்வைக்காரி பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமா."

"இது உங்கம்மா சத்தியமா, உன் சத்தியமா?"

"என் சத்தியம்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் நின்றேன். "நீ எதுக்கு வர? ஒக்காரு" என்றார். உட்காரமாட்டேன் என்றேன். வயிறு லேசாக வலித்தது. அந்த வலி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பெண்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள். இத்தனை வருடம் நடித்துக் காட்டிய ஒன்று, ஒரு நாள் யாரும் பார்க்காதபோது தானாகவே வந்துவிட்டது. மாத்திரையால் வந்ததுதான். அதனால் என்ன, கண்ணாடி போட்டுத் தெரிவதும் பார்வைதானே.

மாத்திரை இதற்காக மட்டும் இல்லை. எலும்பு பஞ்சாகாமல் இருக்க, இரத்தக் குழாய் நன்றாக இருக்க. ஐம்பது வயதுவரை விடக்கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறார். சின்னப் பெண்களுக்குத்தான் இது என்று நினைத்து வளர்ந்தவர்களை ஆஸ்பத்திரிகள் விட்டுவிடுகின்றன என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டு எங்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை அறையையும் அவர்தான் வாங்கினார். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தை நான் பார்த்தேன், என் கழுத்தை அவள் பார்த்தாள். என்னை மாதிரி இன்னொருத்தியை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. நலம் விசாரிக்க வேண்டியவள், "நீ எத்தனை அடி?" என்று கேட்டேன்.

இவ்வளவும் ஆகி இரண்டு வருடம், ஊருக்கு மட்டும் எழுதவில்லை. நீலக் கடிதம் வந்துகொண்டே இருந்தது, கடைசி வரி மாறவே இல்லை. பொய்யை நிறுத்திவிட்டேன் என்று பெருமைப்பட்டேனே, அது பாதி நிறுத்தல்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா உட்கார்ந்து எழுதினார். எனக்குப் பிறவியிலிருந்தே இருப்பது, அம்மா செய்தது, இனி பிள்ளை கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான், நன்றாக இருக்கிறோம், வேறு பேச்சு வேண்டாம். மாத்திரைகளின் பெயரைக்கூட இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, இதைச் சாப்பிட்டால் அவளுக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று முடித்தார். ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். போடாதே என்று வாய்வரை வந்தது. அவரோடு நடந்து போய்த் தபால் பெட்டியில் நானே போட்டேன்.

எங்களுக்குள் ஒரு பயம், சொல்லிக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகவே முடியாதோ என்று. அத்தை ஜாதகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

7

போன செவ்வாய் கேக்கும் வடையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசல் மிதியடி மேல் நீலக் கடிதம் கிடந்தது. மாமா ஷிப்டில். அவர் வரும்வரை பிரிக்கக்கூடாது என்று அடுப்பங்கரை அலமாரியில் வைத்தேன். கை எட்டாத தட்டில் வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து முக்காலி போட்டு எடுத்துவிட்டேன்.

மாமனாரின் கையெழுத்து, அத்தையின் வாய். முதல் பக்கம் முழுக்கத் திட்டு. எங்கள் அம்மாவை வீடு தேடிப் போய் வாசலில் நின்று கேட்டாராம். "கூடப்பொறந்த அண்ணங்கிட்டயே பொய் சொல்லுவியா, எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா தின்னுடுவனா" என்று கேட்டாராம். அம்மா அழுதாளாம், அத்தையும் அழுதாராம், பிறகு அம்மா சோறு போட்டாளாம், சாப்பிட்டுவிட்டு வந்தாராம். ஜோசியர் இறந்துபோய்விட்டதால் அவர் மகனைத் திட்டிவிட்டு வந்தாராம். இந்த இடத்தில் மாமனார் தன் சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். எங்கே அந்தக் கடைசி வரி என்று முதலில் கீழேதான் பார்த்தேன். அது இல்லை. அதன் இடத்தில் இப்படி இருந்தது:

"நீங்க எழுதின மாத்திரை பேரை உன் மாமனார் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். காஞ்சிபுரத்தில் நாலு மருந்துக் கடையில் காட்டினேன். மூணு பேர் இல்லேன்னுட்டான். நாலாவது கடைக்காரன் மெட்ராசில் கேட்டு வாங்கித் தரேன்னான். எனக்கா இந்த மாத்திரைன்னு சிரிச்சான், என் மருமவளுக்குடா, வாயை மூடிக்கினு வாங்கியான்னேன். ரெண்டு மாசத்துக்கு வேண்டியது வந்து சேர்ந்தது. அரிசிக்குப் பக்கத்தில் எறும்பு ஏறாமல் டப்பாவில் போட்டு வெச்சிருக்கிறேன். லோகு, நீ பொங்கலுக்கு வா. மருந்து தீர்ந்துபோச்சுன்னு சாக்கு சொல்லிச் சீக்கிரம் கிளம்பக் கூடாது."

மாமா வந்து பார்த்தபோது நான் இன்னும் முக்காலி மேலேயே உட்கார்ந்திருந்தேனாம்.